மலைக்கு மூன்று கட்டு நங்கோனா

கொரோயனிட்டு மலைக்காட்டைப் பார்க்க நாங்கள் போட்ட திட்டத்தைப் போல எங்கள் தீவில் எந்த அரசாங்கமும் திட்டம் போட்டதில்லை. போட்டிருந்தால் இரண்டாயிரமாம் ஆண்டு மே மாதம் அது அவ்வளவு லேசாகக் கவிழ்ந்திருக்காது.

நான் கரும்பு ரயில் ஓட்டியவன். முப்பத்துநான்கு வருடம் எங்கள் ஊர் சவேனிக்கும் லௌடோக்கா சர்க்கரை ஆலைக்கும் போய் வந்த தூரத்தில் நிலாவுக்குப் போய், ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பியிருக்கலாம். ஆலைக்குப் போகும்போதெல்லாம் அந்த மலை என் வலது தோளுக்கு மேலேயே நின்றது. ஒரு நாள்கூட ஏறியதில்லை. ஓய்வு பெற்றதும் நண்பர்களைக் கூட்டினேன்: லாரிக்கார விரேந்திரா, தையற்கடை கோவிந்தசாமி, கரும்பு போடும் ஏழுமலை.

என்னோடு எஞ்சினில் வேலை பார்த்த இலியேசா, காட்டைக் காக்கும் மலையடிக் கிராமத்துக்காரன். "ஒரு கட்டு நங்கோனா கொண்டு வா. ஊர்த் தலைவர் முன்னால் வைத்து அனுமதி கேள். அப்புறம் மலை உன்னுடையது" என்றான். சாயங்காலமானால் நாங்கள் இடித்துக் கரைத்துக் குடிக்கும் அதே வேர்தான் நங்கோனா.

"மேலே போனா என்னா தெரியும்?" என்று கேட்டான் ஏழுமலை.

"என்னா தெரியாது? சவேனி தெரியும். உன் வயல் தெரியும். வயல்ல நீ மறந்துட்டு வந்த கத்தி தெரியும். உன் பொஞ்சாதி ஊர்மிளா கொடியில போட்ட புடவையில எத்தனை பூன்னு எண்ணலாம்."

"அரே, நீ ரயில் ஓட்டினியா, பொய் ஓட்டினியா?"

முதல் கட்டு வாங்கிய வாரம் தலைநகர் சூவாவில் பாராளுமன்றத்துக்குள் துப்பாக்கிகள் நுழைந்தன. எண்பத்தேழிலேயே இரண்டு தடவை ஆட்சி கவிழ்ந்ததைப் பார்த்தவர்கள் நாங்கள். பயணத்தை ஒரு மாதம்தான் தள்ளிவைத்தோம். அதற்குள் விரேந்திரா, இந்தியருக்கு இனி இங்கே வாழ்வில்லை என்று லாரியை விற்றுவிட்டு சிட்னிக்குக் கிளம்பிவிட்டான். வழியனுப்ப வந்தவர்கள் வெறும் வாயோடு உட்காருவதா? ஏழுமலைதான் எழுந்து போய் மலைக்கு வைத்திருந்த கட்டை அவிழ்த்தான்.

"மலை எங்கேயும் போவாது பையா" என்றான். அண்ணனுக்கு இங்கே பையாதான். "இவன்தான் போறான்."

செப்டம்பரில் இரண்டாவது கட்டு. கோவிந்தசாமிக்கு ஆக்லாந்து விசா வந்தது. அதையும் ஏழுமலையே அவிழ்த்தான். அன்று இடித்த சத்தம் கடலுக்கு அப்பால் டோங்கா ராஜாவின் தூக்கத்தைக் கெடுத்திருக்கும்.

டிசம்பரில் ஏழுமலையின் குத்தகை முடிந்தது, நிலத்துக்காரர்கள் புதுப்பிக்கவில்லை. மகன் ரொனீஷ் கனடாவிலிருந்து டிக்கெட் அனுப்பினான். சனிக்கிழமை விமானம். அதற்கு முன்னால் ஒரு தரமாவது ஏழுமலையோடு அந்த மலையில் நின்றுவிட வேண்டும் எனக்கு. அவனும் போன பிறகு யாரோடு நிற்பது? வியாழக்கிழமை என்று முடிவு செய்தேன். மூன்றாவது கட்டை என் மனைவி ஜான்கியிடம் கொடுத்து ஒளித்து வைக்கச் சொன்னேன். ராணுவமே வந்தாலும் அவளிடமிருந்து பிடுங்க முடியாது.

வியாழன் காலை ஏழுமலை வந்தான். காலில் கனடாப் பனிக்கென்று மகன் அனுப்பிய பூட்ஸ், யானைக்குப் போடலாம். படியில் உட்கார்ந்தான்.

"அண்ணி, அந்தக் கட்டைக் குடுங்க."

"தொடாதே! அது தலைவருக்கு" என்றேன்.

அவன் பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தான். "ஒண்ணு கேக்கறேன். மேலேருந்து நெசமாவே என் வயல் தெரியுமா?"

"ஏன் கேக்கறே?"

"வேற எவனாவது உழுதுகிட்டிருப்பான். இல்லேன்னா புல்லு மொளைச்சிருக்கும். ரெண்டையும் பாக்க என்னால ஆவாது. குத்தகை போவுதுன்னு மே மாசமே கடுதாசி வந்துடுச்சி பையா. கட்டை ஒவ்வொரு தடவையும் நான் ஏன் அவுத்தேன்னு நெனைச்சே?"

வாசலில் நின்று பார்த்தேன். கழுவித் துடைத்த கண்ணாடி மாதிரி வானம். மலையில் மரம் மரமாக எண்ணலாம்.

"மேலே ஒரே மேகம்" என்றேன். "பக்கத்துல நிக்கிறவன் மூக்குகூடத் தெரியாது. இன்னிக்கு வேணாம்."

அவன் தலையைத் திருப்பவில்லை. "ஆமா, மேகந்தான்."

ஜான்கி கட்டைக் கொண்டுவந்து வைத்தாள். இந்தத் தடவை நானே அவிழ்த்தேன்.

அவன் போன மறுவாரம் சந்தையில் இலியேசா கிழங்கு விற்றுக்கொண்டிருந்தான். "வருகிறீர்களா, இல்லையா? எத்தனை பேர்?"

"அறுபது பேர்" என்றேன். "ரெண்டு பஸ்."

என் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று எட்டிப் பார்த்தான் இலியேசா. பிறகு கிழங்கை அடுக்கத் தொடங்கினான்.