ஸ்டாஷ் கைக்கு ஒரு டின் திறப்பான்

அந்தக் குளிர்காலத்தில் மூன்றாவது முறையாக ஸ்டாஷ் வோய்ச்சிக் கையில் தையல் போட்டுக்கொண்டு வந்தார். பட்டறைக் காலத்துச் சிநேகிதர் கஸ் ஸ்ட்ரோபெல்தான் அவரை ஆஸ்பத்திரியிலிருந்து காரில் அழைத்துவந்தார். வாசல் பனியை முதல் நாளே வாரிப்போட்டிருந்தும் முழங்கையை விடாமல் பிடித்து நடத்தி, சமையலறை நாற்காலியில் உட்காரவைத்தார். மேஜையில் காலையில் திறந்த டப்பா அப்படியே இருந்தது. அறுபட்ட மூடி பாதி உள்ளே முழுகிக் கிடந்தது.

"சூப்புன்னு நெனச்சுத்தான் தொறந்தேன்," என்றார் ஸ்டாஷ். "பீச் பழம். அதுக்குப் போயி நாலு தையல்."

கஸ் டப்பாவைக் குப்பையில் போட்டுவிட்டு மேஜையைத் துடைத்தார்.

ஸ்டாஷுக்கு இரண்டு வருஷமாகவே நடுப்பார்வை போய்விட்டது. எதிரில் நிற்பவரின் காது தெரியும், தோள் தெரியும், பின்னால் சுவரில் தொங்கும் காலண்டர்கூடத் தெரியும். முகம் இருக்கவேண்டிய இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு பொட்டுதான். டாக்டர் கைவிரித்துவிட்டார். மனைவி வாண்டா இறந்து நாலு வருஷம் ஆகிறது. ஸ்டாஷுக்குத் தெரிந்த சமையல், டப்பாவைத் திறந்து கொட்டிச் சுடவைப்பது ஒன்றுதான். திறக்கும்போது மூடி உள்ளே விழுந்துவிடும். கண் தெரிந்தவர்கள் முள்கரண்டியால் எடுப்பார்கள். ஸ்டாஷ் விரலை விட்டுத் துழாவுவார்.

பஃபலோ நகரத்தில் இருந்த அவர் மகள் லொரெய்ன் அன்று மாலையே கஸ்ஸின் மனைவி மார்செல்லாவுக்கு ஃபோன் செய்தாள். ஈஸ்டருக்கு வருவதாகவும், திரும்பும்போது அப்பாவைக் கையோடு கூட்டிப்போய்விடப் போவதாகவும், அறைக்குப் பெயின்ட்கூட அடித்தாயிற்று என்றும் சொன்னாள். மார்செல்லா இதைச் சாப்பாட்டு மேஜையில் சொன்னபோது கஸ் முள்கரண்டியைக் கீழே வைத்தார். அந்த அறையிலிருந்து ஏரி தெரியாதே என்றார், ஏதோ அதுதான் குறை என்பதுபோல. பிறகு நிலவறைக்கு இறங்கிப்போய்விட்டார்.

அங்கே அவருடைய சின்ன லேத்தும், அரங்களும், பட்டறையிலிருந்து ஓய்வுபெற்ற அன்று கொண்டுவந்த கருவிப்பெட்டியும் இருந்தன. ஏரிக்கரையில் இருக்கும் ஈரி நகரத்தில் தகடு வெட்டும் அச்சு செய்பவர்களுக்குப் பஞ்சமே கிடையாது. அவர்களில் கஸ் நல்ல பெயர் எடுத்தவர். தகட்டை வெட்டுவதிலும் மடிப்பதிலுமே முப்பத்துநாலு வருஷம் போயிருந்தது. கஸ் செய்த அச்சை அழுத்த இயந்திரத்தில் பூட்டி ஓட்டியவர் ஸ்டாஷ். மயிரிழை இறுக்கம் என்று சொல்லி அச்சைத் திருப்பிக் கொண்டுவருவார். கஸ் சண்டை போடுவார். அளந்து பார்த்தால் மயிரிழை இறுக்கமாகத்தான் இருக்கும். அப்படித்தான் அவர்கள் சிநேகிதர்கள் ஆனார்கள்.

கடையில் விற்கும் திறப்பான்கள் எல்லாம் மூடியை மேலிருந்து குத்தி, விளிம்பின் உட்புறமாகவே அறுத்துக்கொண்டு போகும். மூடியின் ஓரம் கத்தியாகிவிடும். கஸ் யோசித்தது வேறு விதம். டப்பாவின் உடலும் மூடியும் விளிம்பில் ஒன்றையொன்று மடித்துப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. அந்த மடிப்பின் வெளிச்சுவரை மட்டும் பக்கவாட்டில் அறுத்தால் பிடி விட்டுப்போகும். மூடி விளிம்போடு தொப்பி மாதிரிக் கழன்று கையில் வரும். உள்ளே விழாது, விரல் படுகிற இடத்தில் கூரும் இருக்காது.

யோசிப்பது ஒரு சாயங்கால வேலை. செய்வதற்கு ஜனவரி, பிப்ரவரி இரண்டும் போயின. அறுக்கும் சக்கரம் காகிதக் கனம் கூடுதலாக உள்ளே போனால் டப்பா ஓட்டையாகிச் சாறு வழிந்தது. காகிதக் கனம் குறைந்தால் மூடி அசையவே இல்லை. அதைச் சரிசெய்ததும் இன்னொன்று முளைத்தது. டப்பாவின் பக்கவாட்டில் மேலிருந்து கீழாக ஓர் இணைப்புக் கோடு ஓடும். அந்த இடத்தில் விளிம்பு கொஞ்சம் தடிப்பு. சக்கரம் அங்கே வந்ததும் எகிறிக் குதித்தது. குதித்த இடத்தில் அரை அங்குலம் அறுபடாமல் நின்றது. பத்து நாள் மண்டையை உடைத்துக்கொண்டபின், சக்கரம் பூட்டிய கைக்குப் பின்னால் சின்னதாக ஒரு சுருள்வில்லை வைத்தார். தடிப்பு வரும்போது அது ஒதுங்கி வழிவிட்டு, தாண்டியதும் பழைய இடத்துக்கு வந்தது.

திறந்ததையெல்லாம் தின்றாக வேண்டும். மார்செல்லா வீட்டில் பீன்ஸும் மக்காச்சோளமும் பீட்ரூட்டும் மாறி மாறி வந்தன. பீட்ரூட் மலிவு என்பதால் அது அடிக்கடி வந்தது. வெள்ளிக்கிழமை மாதா கோயில் விருந்துக்குப் பெரிய பாத்திரத்தில் பீன்ஸ் கொண்டுபோனாள். மூன்றாவது வாரமும் கொண்டுபோனபோது பாதிரியார், உங்கள் வீட்டில் எல்லாரும் சௌக்கியமா என்று விசாரித்தாராம்.

ஒருநாள் அவள் நிலவறைப் படியில் நின்றபடி, "இன்னும் எத்தனை பீட்ரூட் கஸ்?" என்று கேட்டாள்.

"பத்து. பதினஞ்சுக்கு மேல போகாது."

"ஸ்டாஷுக்குத் தெரியுமா?"

"என்ன தெரியணும்? பொழுது போகல, ஒரு சாமான் செய்றேன்."

மார்செல்லா அவரைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, அன்றைக்கே போய் இருபது பீட்ரூட் டப்பா வாங்கிவந்தாள்.

மார்ச் முதல் வாரம் கஸ் திறப்பானைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஸ்டாஷ் வீட்டுக்குப் போனார். தான் செய்ததில் அவருக்குப் பெருமைதான். காட்டிக்கொள்ளாமல், சும்மா ஒருதரம் சோதித்துப் பார்த்துச் சொல் என்று கொடுத்தார். ஸ்டாஷ் அதை வாங்கி இரண்டு கையாலும் தடவினார். டப்பாவின் விளிம்பில் வைத்தார். வழுக்கியது. மறுபடி வைத்தார். தலைகீழாக இருந்தது. ஒருவழியாகச் சரியாகப் பற்றியதும், பக்கத்தில் நீட்டிக்கொண்டிருந்த திருகுசாவியைத் திருகினார், திருகிக்கொண்டே இருந்தார்.

"எப்ப நிறுத்தணும்?"

"சுத்தி முடிஞ்சதும்."

"முடிஞ்சுதான்னு எனக்கு எப்படிடா தெரியும்? செக்குமாடு மாதிரி மூணு தரம் சுத்திட்டேன் போல. முப்பத்துநாலு வருஷம் அச்சு செஞ்சவன் செஞ்ச சாமான் இது. இத வைக்க ரெண்டு கை போதல, பாதிரியாரையும் கூப்பிடணும்."

"கடையில வாங்கினதுக்கு இது தேவலாம்டா."

"கண்ணு இருக்கிறவனுக்குத் தேவலாம். நீ கண்ண மூடிட்டு இத ஒருதரம் தொற. அப்புறம் பேசு."

கஸ் கண்ணை மூடிக்கொண்டார். ஸ்டாஷ் அதை நம்பாமல் எட்டி அவர் முகத்தைத் தொட்டு, இமை மூடியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார். அறுபது நாள் தன் கையிலேயே உருண்ட சாமான் அது. ஆனாலும் முன்பக்கம் எது பின்பக்கம் எது என்று கஸ்ஸின் கட்டைவிரலுக்குத் தெரியவில்லை. விளிம்பைத் தேடி அலைந்தார். மேஜையில் டப்பா சரிந்தது. ஒருவழியாகப் பிடித்துத் திருகத் தொடங்கியபின், கண் திறந்திருந்தபோது ஒரு தடவைகூடக் கவனிக்காத ஒன்றைக் கவனித்தார். சக்கரம் தகட்டை அறுக்கும்போது சாவியில் ஒரு பாரம் இருந்தது. தொடங்கிய இடத்துக்கே வந்து சேர்ந்ததும் அந்தப் பாரம் சட்டென்று விட்டுப்போனது.

"லேசாயிடுச்சு," என்றார்.

"ஆமா. எனக்கும் ஒரு எடத்துல லேசாச்சு. அதுதான் முடிவுன்னு நீ சொல்லவே இல்லையே."

"எனக்கே இப்பத்தான்டா தெரியும்."

ஸ்டாஷ் மேஜைமேல் கிடந்த மூடியை எடுத்து அதன் ஓரத்தைத் தடவினார். பிறகு டப்பாவின் வாயைத் தடவினார். இரண்டையும் மறுபடி ஒருமுறை தடவினார்.

"லொரெய்ன் மார்செல்லாகிட்டப் பேசினது எனக்குத் தெரியும்," என்றார். "கண்ணுதான் போச்சு. காது நல்லாத்தான் இருக்கு."

கஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "நீ பஃபலோ போயிட்டா, நான் செய்ற சாமானுக்கு இங்க யாருடா குத்தம் சொல்லுவா?"

"அதுக்கா இத்தனை பாடு?"

"வேற எதுக்கு?"

அதற்குமேல் அந்தப் பேச்சை இருவரும் எடுக்கவில்லை. மறுநாளிலிருந்து ஸ்டாஷும் நிலவறைக்கு வரத் தொடங்கினார். கஸ் திறப்பானின் தலையை மாற்றினார். டப்பாவின் மேல் தட்டையாகப் படுத்து, சற்று நகர்த்தினால் தானாகவே விளிம்பில் போய் மாட்டிக்கொள்ளும்படி ஒரு உதடு வைத்தார். முன்பக்கம் எது என்று கட்டைவிரலுக்குத் தெரிய ஒரு பள்ளம் அராவினார். பள்ளம் ஆழம் போதாது என்றார் ஸ்டாஷ். ஆழமாக்கினால், இது சவக்குழி மாதிரி இருக்கிறது என்றார். சாவியின் காது சின்னது, குளிரில் விரல் மரத்துப்போனால் பிடிக்காது என்றார். கஸ் வாய்க்கு வாய் சண்டை போட்டுவிட்டு ஒவ்வொன்றாகச் செய்தார். மார்செல்லா மேலே இருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அந்த வீட்டில் வருஷக்கணக்காக அப்படி ஒரு சத்தம் கேட்டதில்லை.

ஈஸ்டர் அன்று லொரெய்ன் காலையிலேயே அப்பா வீட்டுக்கு வந்துவிட்டாள். பன்றித்தொடையும், வாண்டா செய்வதுபோலவே செய்த மசாலா சாஸேஜும், சாயமிட்ட முட்டைகளும் கொண்டுவந்திருந்தாள். காரின் பின்பக்கம் காலிப் பெட்டிகள் மூன்று இருந்தன. கஸ் அவற்றைப் பார்த்துவிட்டார். உள்ளே வந்ததும் ஸ்டாஷின் காதருகே குனிந்து, சாப்பாட்டுக்கு முன்னாலேயே அவளுக்குத் திறந்து காட்டிவிடு என்றார். தான் ஒன்றும் சர்க்கஸ் கரடி இல்லை என்று ஸ்டாஷ் சொல்லிவிட்டார். அதனால் கஸ்ஸுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மார்செல்லா இரண்டு தடவை மேஜைக்கடியில் அவர் காலை மிதித்தாள்.

கடைசியில் இனிப்புக்கு என்று லொரெய்ன் ஒரு பீச் பழ டப்பாவை எடுத்தாள். இழுப்பறையில் தேடியபோது புதுத் திறப்பான் அகப்பட்டது. பழக்கப்பட்ட மாதிரி விளிம்பில் செங்குத்தாக வைத்து அழுத்தினாள். நழுவியது. இன்னொரு தரம் முயன்றாள்.

"என்னப்பா இது, உடைஞ்சதை யாரு உங்க தலையில கட்டினது?"

கஸ் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார். ஸ்டாஷ் கையை நீட்டி மகளிடமிருந்து இரண்டையும் வாங்கிக்கொண்டார். திறப்பானை டப்பாவின் தலையில் படுக்கவைத்து, கட்டைவிரலால் பள்ளத்தைத் தேடி, நகர்த்தி மாட்டினார். முகத்தை எங்கோ சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு நிதானமாகத் திருகினார். ஓர் இடத்தில் கை நின்றது. மூடியைத் தூக்கித் தட்டில் வைத்தார். பிறகு கட்டைவிரலை டப்பாவின் வாயில் வைத்து ஒரு சுற்றுச் சுற்றினார்.

லொரெய்ன் பாய்ந்து அந்தக் கையைப் பிடித்தாள். விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு கீறலும் இல்லை. டப்பாவின் ஓரத்தைத் தன் விரலாலும் தொட்டுப் பார்த்தாள், முதலில் பயந்து, பிறகு அழுத்தி.

"கஸ் மாமா செஞ்சதா?"

"அவன் செஞ்சான், நான் திருத்தினேன்," என்றார் ஸ்டாஷ்.

இதற்காக இரண்டு மாதத்தில் நூற்று அறுபது டப்பா சாப்பிட்டோம் என்று மார்செல்லா சொன்னாள். பீட்ரூட் மட்டும் எழுபத்தொன்று. லொரெய்ன் சிரிக்கப் போனவள், பாதியில் நிறுத்தி உட்கார்ந்துகொண்டாள். அவள் கெட்டிக்காரி. ஒரு திறப்பானோடு விஷயம் தீர்ந்துவிடாது என்று அவளுக்குத் தெரியும்.

"விரல் சரி. மாடிப்படி? அடுப்பு? பனி விழுந்தா?"

"படி பதினாலு," என்றார் ஸ்டாஷ். "எண்ணித்தான் எறங்குறேன். அடுப்புல ரெண்டு திருகு, இடதுபக்கத்தது ஆடும். இந்த வீட்ட என் கைக்குத் தெரியும்மா. உன் வீட்டுக்கு வந்தா எல்லாத்தையும் முதல்லருந்து எண்ணணும். எழுபத்திரண்டு வயசுல எத்தனை எண்ணுவேன்?"

லொரெய்ன் பீச் பழத்தை நாலு கிண்ணத்தில் பங்கிட்டாள். பிறகு, யார் முகத்தையும் பார்க்காமல், அடுத்த குளிர்காலம் வரை பார்ப்போம் என்றாள். ஞாயிற்றுக்கிழமைதோறும் அவர் தனக்கு ஃபோன் செய்ய வேண்டும், மார்செல்லா அத்தை அடுப்பின் ஆடும் திருகைப் பற்றித் தனக்குச் சொல்ல வேண்டும். அந்தத் திருகை நாளைக்கே சரிசெய்துவிடுகிறேன் என்றார் கஸ். கிண்ணத்தில் இருந்ததை அவர் ஒரே மூச்சில் தின்றார். அன்று அவர் வாய்க்குள் போன முதல் உணவு அதுதான்.

பாத்திரம் கழுவும்போது லொரெய்ன், தனக்கும் அப்படி ஒன்று செய்து தர முடியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். கஸ் உடனே பையிலிருந்து எஃகு அளவுகோலை எடுத்து, ஈரம் சொட்டும் அவள் உள்ளங்கையின் அகலத்தை அளந்தார்.

"எந்தக் கையால திருகுவே?"

"இடது."

"அவ அம்மா மாதிரி," என்றார் ஸ்டாஷ். "வாண்டா வலதுகை ஓப்பனர வச்சுக்கிட்டு நாப்பது வருஷம் மல்லுக்கட்டினா. நான் ஒருநாள்கூட அதப் பத்தி யோசிச்சதில்ல." கொஞ்சம் பொறுத்து, "கஸ், நல்லா செஞ்சு குடுடா," என்றார்.

அதற்குப் பிறகு மார்செல்லாவின் பிடுங்கல் தாங்காமல், கஸ் ஒரு பாத்திரக் கம்பெனிக்குப் படம் போட்டு எழுதினார். வேலை நேர்த்தியானது, ஆனால் ஒரு சுருள்வில் கூடுதல், அதனால் விலை ஏறும், கடையில் போட்டி போட முடியாது என்று மரியாதையாகப் பதில் வந்தது. கஸ் அதைப் படித்துவிட்டு, அந்த வில் இல்லாவிட்டால் இணைப்புக் கோட்டில் குதிக்கும் என்று மட்டும் சொன்னார். ஸ்டாஷ் அந்த வீட்டிலேயே இன்னும் ஐந்து குளிர்காலம் இருந்தார். கடைசியில் கால் ஒத்துழைக்காமல்தான் பஃபலோ போனார். அங்கேயும் கஸ் மாதம் ஒருமுறை போய்வந்தார்.

லொரெய்னின் திறப்பானுக்குப் பற்கள், சக்கரம், பள்ளம் எல்லாவற்றையும் திருப்பிப்போட வேண்டியிருந்தது. முடிய அந்த வருஷம் மே மாதக் கடைசி ஆயிற்று. தபாலில் அனுப்ப வேண்டாம், தானே வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லி வந்தவள் இரண்டு நாள் கூடுதலாகத் தங்கினாள். கிளம்புவதற்கு முதல் நாள் எல்லாருமாக ஏரிக்குள் நீளும் நடைபாலத்துக்குப் போனார்கள். காற்று நன்றாக இருந்தது. தண்ணீர் தெரிகிறதா என்று அவள் கேட்டதற்கு, நேராகப் பார்த்தால் தெரியவில்லை, உன்னைப் பார்த்தால் இரண்டு பக்கமும் தெரிகிறது என்றார் ஸ்டாஷ்.