அமைச்சருக்கு எதிராக ஹெர்மினியா

கனடாவில், வின்னிபெக் நகரத்து முதியோர் இல்லம் ஒன்றில் ஹெர்மினியாவும் நானும் ஒன்றாக வேலை பார்த்தோம். இருவருக்குமே சொந்த ஊர் பிலிப்பைன்ஸில் இலோகோஸ் பக்கம். நிரந்தர வசிப்புரிமைக்கு அவள் விண்ணப்பித்தபோது, ஊரில் விட்டுவந்த மகன் எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தான். இப்போது அவனுக்கு மீசை அரும்பிவிட்டது. மகனோடு ஊரிலேயே இருந்த கணவன் ஒருகாலத்தில் ராணுவத்தில் சமையல்காரன். அதனால் குடிவரவுத் துறையில் எப்போது கேட்டாலும், 'பாதுகாப்புச் சோதனை நடக்கிறது' என்பார்கள்.

தேவாலயத்துக்கு இலவச ஆலோசனை சொல்ல வந்த வழக்கறிஞர் ஃப்ரீசன் அம்மா மூன்று வழி சொன்னார். "இன்னும் காத்திருக்கலாம். மாகாணம் வழியா புதுசா விண்ணப்பிக்கலாம், ஆனா அங்கேயும் இதே சோதனைதான். இல்லேன்னா குடிவரவு அமைச்சர் மேல கேஸ் போட்டு கோர்ட்டுக்குப் போகலாம். உரிமையைக் குடுங்கன்னு அங்க கேக்க முடியாது. ஏதாவது ஒரு முடிவைச் சொல்லுங்கன்னு கேக்கலாம்."

வெளியே வந்ததும் ஹெர்மினியா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "மனாங், அமைச்சர் மேலயா கேஸு? பிடிச்சு ஊருக்கு அனுப்பிடுவாங்க." மனாங் என்றால் எங்கள் பேச்சில் அக்கா.

"அனுப்பணும்னாலும் முதல்ல உன் ஃபைலைத் திறக்கணும்டி. திறக்கட்டுமே."

விசாரணை நாளன்று காலையில் ஒரு பெரியவரைக் குளிப்பாட்டிவிட்டு, சீருடைக்கு மேல் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தாள். கோர்ட் வாசலில் ஒட்டியிருந்த தாளில் அவள் பெயர் மேலே இருந்தது. 'எதிர்' என்று போட்டு, கீழே அமைச்சர். அந்த இடத்தைவிட்டு அவளை நகர்த்துவதே பெரும்பாடாகிவிட்டது.

உள்ளே நீதிபதி, அரசுத் தரப்பு வழக்கறிஞரைக் கேட்டார். "இன்னும் என்ன சோதிக்க வேண்டியிருக்கு?"

"அந்த விவரம் என்கிட்ட இல்லை, ஐயா."

"யார்கிட்ட இருக்கு?"

அவர் தாள்களைப் புரட்டினார். நீதிபதி குரலை உயர்த்தவில்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தார். எங்கள் ஹெர்மினியா கேட்ட கேள்விக்கு ஒரு அரசாங்கமே எழுந்து நின்று விழித்துக்கொண்டிருந்தது.

காரில் ஏறியதும் அவள் கேட்டாள். "நாம கேட்டாக்கூட அவங்க பதில் சொல்லித்தான் ஆகணுமா, மனாங்?"

"ஆமாம்போல," என்றேன். எனக்கும் அன்றைக்குத்தான் தெரியும்.

மூன்று மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. கெடு முடிவதற்குள் அனுமதியும் வந்துவிட்டது. விமான நிலையத்தில் அவள் அழுவாள் என்று நினைத்துக் கைக்குட்டையோடு போயிருந்தேன். அவள் அழவில்லை. கணவனையும் மகனையும் மாறி மாறித் தொட்டுப் பார்த்தபடியே நின்றாள்.