வரி கேட்டு வாங்கிய அவிஸ்

ஆங்கிலச் சீமையின் கென்ட் சதுப்பில் கடற்கரை மண்மதிலைக் காக்க வாங்கும் வரிக்கு ஸ்காட் என்று பெயர். அந்த வருடம் அது மும்மடங்கு ஏறியிருந்தது. பள்ளத்து நிலக்காரர்கள் வயிறெரிந்துகொண்டு கட்டினார்கள். மேட்டு நிலத்தில் சதுப்புத் தண்ணீர் ஏறாது, அதனால் அங்கே ஸ்காட்டும் இல்லை. எந்த வம்பிலிருந்து எவன் நழுவினாலும், “ஸ்காட் இல்லாம தப்பிச்சிட்டான் பாரு” என்றுதான் ஊரில் பேச்சு.

விதவை அவிஸ் மேட்டுக்காரி. அவள் மகள் மேபிள் இரண்டு குழந்தைகளோடு மதிலுக்கு நேர் கீழே குத்தகை வீட்டில் இருந்தாள். மதிலை முயல்கள் குடைந்திருந்ததை அவிஸ் கண்ணால் பார்த்தவள். பெரிய அலை நாள்கள் நெருங்கிக்கொண்டிருந்தன. மதில் கூட்டத்தில் சொல்லப் போனால் வாயைத் திறக்க விடவில்லை. ஸ்காட் கட்டுகிற நிலக்காரனுக்குத்தான் அங்கே குரல். அழகான நியாயம்!

அவிஸ் அழவில்லை, மண்வெட்டியை எடுத்தாள். ஒன்பது நாள் வெட்டித் தன் கீழ்க்கோடி வயலைச் சதுப்பு வாய்க்காலோடு சேர்த்துவிட்டாள். முழங்கால் அளவு தண்ணீர் நின்றது.

நிலம் பார்க்க வந்த வரி மணியக்காரர் ஹாமோ தலையில் கை வைத்துக்கொண்டார்.

“ஏம்மா, கிறுக்கு பிடிச்சிருச்சா? நல்ல வயல நாசம் பண்ணிட்டியே!”

“சதுப்புத் தண்ணி நிக்குதா இல்லியா?”

“நிக்குது.”

“அப்ப என் பேர எழுதுங்க.”

“வரி போடுன்னு கெஞ்சுற ஆள இன்னிக்குத்தான் பாக்குறேன்.”

“யாரு கெஞ்சுறா? தண்ணி நின்னா ஸ்காட். வழக்கத்தச் சொல்றேன், எழுதுங்க.”

வழக்கப்படி அவர் பேரை எழுதிக்கொண்டார். இரண்டு ஆடுகளை விற்ற காசை அவிஸ் அங்கேயே கொடுத்தாள்.

அடுத்த கூட்டத்தில் முதல் ஆளாக எழுந்தாள். எல்லோரையும் மேபிளின் வீட்டுக்குப் பின்னால் கூட்டிப்போனாள்.

“மணியக்காரரே, அந்தப் பொந்துல கைய விடுங்க.”

தோள்வரை போனது கை. வெளியே எடுத்தபோது விரல்களிலிருந்து உப்புத் தண்ணீர் சொட்டியது. அன்றே மண் சுமந்து பொந்துகளை அடைக்கும் வேலை தொடங்கியது, ஸ்காட்டும் இன்னொரு மடங்கு ஏறியது.

பக்கத்து நிலக்காரன் கோடார்ட் பொங்கினான். “காசு குடுத்து வாயத் தொறந்து எங்க கழுத்த அறுத்துட்டியே, அவிஸக்கா!”

“எனக்கும்தான்யா ஏறியிருக்கு. முணங்காம கூடையத் தூக்கு. என் பேரப்புள்ளைங்க இதுக்குக் கீழதான் தூங்குதுங்க.”

கோடார்ட் கூடையைத் தூக்கினான்.