டம்ளருக்குள் எத்தனை மல்லாட்டை?

இந்த வேலை கிடைக்காவிட்டால் தேவிப்ரியாவுக்கு ஆவணியில் கல்யாணம். குடும்பத்தின் முதல் பட்டதாரி என்பதெல்லாம் மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்லிக்கொள்ளத்தான் என்று அப்பா முடிவு கட்டிவிட்டார். அந்தக் கோபம் மூக்கு நுனியில் இருக்க, திருவண்ணாமலையில் ஒரு தனியார் பள்ளியின் இரண்டாம் வகுப்பில் மாதிரிப் பாடம் எடுக்க நின்றாள்.

எதிரிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார் தாளாளர் ஆதிமூலம். பக்கத்தில் தலைமையாசிரியை சந்திரம்மாள்.

“கீழ்பென்னாத்தூரா? கணக்கு வருமா?”

“எம்.எஸ்சி. கணக்குங்க சார். எட்டு வரைக்கும் எண்ணிடுவேன்.”

சந்திரம்மாள் இருமினார்.

தேவிப்ரியா மேசையில் வறுத்த வேர்க்கடலையைப் பரப்பினாள்.

“புள்ளைங்களா, மொத்தம் எட்டு மல்லாட்டை. எல்லாரும் கண்ண மூடுங்க. சார் கொஞ்சத்த டம்ளரால மூடி வெப்பாரு. உள்ள எத்தனைனு நீங்க சொல்லணும்.”

கரும்பலகையில் □ + □ = 8 என்று எழுதிவிட்டுத் திரும்பினாள். டம்ளருக்கு வெளியே ஐந்து கிடந்தன.

“அஞ்சு கூட எத்தன சேந்தா எட்டு?”

“மூணு!” கூரை அதிர்ந்தது.

டம்ளரைத் தூக்கினாள். இரண்டுதான் இருந்தன.

“பாத்தியாம்மா, மொத கணக்கே தப்பு” என்றார் ஆதிமூலம்.

பிள்ளைகளின் முகம் தொங்கிப்போயிற்று. தேவிப்ரியாவுக்குக் கல்யாணப் பந்தலே கண்முன் வந்து நின்றது. சுடச்சுட ஒன்று சொல்ல வாயெடுத்தவள், அவர் தாடையைப் பார்த்தாள். அது அரவை மெஷின் மாதிரி நிதானமாக அசைந்துகொண்டிருந்தது. பாவம், மனுஷனுக்கே தெரியவில்லை. கை பழக்கதோஷத்தில் வாய்க்குப் போயிருக்கிறது.

சொல்ல வந்ததை அடக்கிக்கொண்டு பலகையில் எழுதினாள்: 5 + 2 + □ = 8.

“உங்க கணக்கு தப்பு இல்ல. ஒண்ணு எங்கியோ இருக்குது. தேடுங்க.”

வகுப்பே பெஞ்சுக்கடியில் புகுந்தது. கவிநிலா என்ற வாண்டு மட்டும் தாளாளர் எதிரே வந்து அண்ணாந்து நின்றாள்.

“மிஸ்! சார் மென்னுனு இருக்காரு!”

தாடை நின்றது. தொண்டைக்குழி ஒருமுறை ஏறி இறங்கியது.

“அப்ப கட்டத்துல என்ன வரும்?”

“ஒண்ணு!”

சந்திரம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “ரெண்டு எண்ணு கணக்கு எடுக்க வந்த பொண்ணு, மூணு எண்ணு கணக்கையே போட வெச்சிருச்சு சார். வேற ஆளு எதுக்குத் தேடணும்?”

ஆதிமூலம் சுற்றிப் பார்த்தார். அத்தனை பிள்ளைகளும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“திங்கக்கெழம வந்துடும்மா. ஆனா மல்லாட்டை வேணாம். புளியங்கொட்டை வெச்சு சொல்லிக்குடு.”

“சரிங்க சார்” என்றாள் தேவிப்ரியா. “வறுக்காததா பாத்து எடுத்தாறேன்.”