துருவுக்கு யார் வாரிசு

ஆறு வருஷமாக அவள் வீட்டில் எதுவும் அதனதன் இடத்தில் இருந்ததில்லை. உப்பு டப்பாவில் ‘குளியலறை’ என்று ஒட்டியிருக்கும். குளியலறைக் கதவில் ‘சர்க்கரை’. பெயர் எழுதி ஒட்டுவது அவள், உரித்து மாற்றி ஒட்டுவது அப்பா.

மருந்துப் பாட்டில்களுக்கு லேபிள் அச்சடிக்கும் கம்பெனியில் அவளுக்கு வேலை. அப்பாவுக்கு வந்திருப்பது அல்சைமர் என்று டாக்டர் சொன்ன வாரமே, மிச்சம் விழுந்த ஸ்டிக்கர் சுருள் ஒன்றைக் கொண்டுவந்து வீடு முழுக்கப் பெயர் ஒட்டினாள். அவர் திண்டாடக் கூடாதே என்றுதான். ஆனால் அப்பா தபால் நிலையத்தில் முப்பத்தைந்து வருஷம் கடிதம் பிரித்துப் போட்டவர். பெற்ற பிள்ளைகளின் பெயர் மறந்த பிறகும் அவர் கைகளுக்கு அந்த வேலை மறக்கவில்லை. ஸ்டிக்கரைக் கண்டால் நகத்தால் நோண்டி எடுப்பார். முகவரி தப்பு என்பதுபோல் உதட்டைப் பிதுக்குவார். பிறகு வேறு எதிலாவது ஒட்டிவிட்டு நிம்மதியாக உட்காருவார்.

தம்பி ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவான். பழைய கார்களின் அடிப்பாகத்துத் துருவைச் சுரண்டி மருந்து பூசும் பட்டறை வைத்திருந்ததால் அவனுக்கு ‘துரு’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. கையில் வைட்டமின் மாத்திரை டப்பா ஒன்று, வாயில் உபதேசம், மொத்தம் இருபது நிமிஷம்.

“மூளையும் இரும்பு மாதிரிதான்க்கா. ஆக்சிஜன் பட்டுப் பட்டு அரிக்குது. இந்த மாத்திரை பெயின்ட் மாதிரி.”

“டாக்டர்கிட்ட கேட்டுட்டேன்டா. அரிக்கிறது நிஜம்தானாம். ஆனா அதுதான் நோய்க்குக் காரணமா, நோய் வந்ததால அரிக்குதான்னு அவங்களுக்கே இன்னும் தீரலையாம். மாத்திரை குடுத்துப் பாத்ததுல பெருசா ஒண்ணும் தெரியலையாம்.”

“அவரு காருக்கு அடியில படுத்துப் பாத்திருக்காரா?”

“நீ அப்பாவுக்குப் பக்கத்துல ஒரு நாள் படுத்துப் பாத்திருக்கியா?”

அவன் எழுந்து கார் சாவியைத் தேடினான். சாவி குளிர்சாதனப் பெட்டிக்குள் இருந்தது.

ஒருநாள் டாக்டர் பேச்சுவாக்கில் ஜீன் விஷயத்தைச் சொன்னார். மூளையில் கொழுப்பைச் சுமந்து போகும் ஒரு புரதம் உண்டு. அதைச் செய்கிற ஜீன் அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று என்று எல்லோருக்கும் இரண்டு வரும். அதில் நாலாம் வகை வந்தவர்களுக்கு அந்த அரிப்பைத் தாங்கும் சக்தி கொஞ்சம் குறைச்சல், நோய் வரும் வாய்ப்பு கூடுதல். இருந்தும் வராமல் போனவர்கள் உண்டு, இல்லாமலே வந்தவர்களும் உண்டு.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் அதைச் சொல்லப்போய் வந்த சண்டையில் தம்பி ஒரு வார்த்தையை விட்டான். “ரெண்டு பேரும் டெஸ்ட் எடுப்போம். யாருக்கு அது இருக்கோ அவங்க நல்லா இருக்கிற காலத்தையாவது அனுபவிக்கட்டும். இல்லாதவங்க அப்பாவப் பாத்துக்கட்டும்.”

வாய்க்கு வந்ததைத்தான் சொன்னான். அவள் விடவில்லை. “சரி. பேச்சு மாறக் கூடாது.” ஆறு வருஷத்தில் இந்த வீட்டிலிருந்து அவளுக்குத் தெரிந்த ஒரே வாசல் அதுதான்.

எச்சில் பிடிக்கும் குழாய்கள் இரண்டு வந்தன. ஆளுக்கு ஓர் எண் ஸ்டிக்கர். இருவரும் துப்பினார்கள். தம்பி பட்டறைக்கு ஓடினான். அவள் அந்தந்த எண்ணை அந்தந்தக் குழாயில் ஒட்டி மேசையில் வைத்தாள். குளியலறையில் தண்ணீர் கொட்டும் சத்தம். அப்பா திறந்துவிட்டுப் போயிருந்த தண்ணீர்க் குழாயை மூடி, தரையைத் துடைத்துவிட்டு வந்தபோது, அப்பா மேசை முன்னால் வேலை முடிந்த ஆள்போலக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கூரியர்காரர் வாசலில் நின்றார். குழாய்களைக் கொடுத்து அனுப்பினாள்.

மூன்று வாரத்தில் முடிவு வந்தது. அவளுக்கு அந்த நாலாம் வகை ஜீன் இல்லை. தம்பிக்கு ஒன்று இருந்தது.

யாராக இருந்தாலும் சந்தோஷப்படுவார்கள். அவளுக்கோ பற்றிக்கொண்டு வந்தது. சின்ன வயதில் ஜன்னல் சீட்டு அவனுக்கு, காய்ச்சல் வந்தால் விடுமுறை அவனுக்கு, இப்போது இதிலும் அவனே ஜெயித்துவிட்டான். திட்டலாம் என்று போன் செய்தாள்.

“அக்கா, நேத்து ஸ்பேனரை எங்க வச்சேன்னு ஞாபகம் வரலக்கா.”

“உனக்கு என்னைக்குடா ஞாபகம் வந்துச்சு?”

“அப்பாவுக்கு வாங்கின மாத்திரைய நானே சாப்பிடுறேன். காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு.” குரல் இறங்கியிருந்தது. அவளால் திட்ட முடியவில்லை. அதுவும் எரிச்சலாக இருந்தது.

நாலு நாள் கழித்து, அச்சு மெஷின் இரைச்சலுக்கு நடுவே ஆய்வுக்கூடத்து ஆலோசகர் பெண்மணியிடமிருந்து போன் வந்தது. மாடிப்படிக்குப் போய்ப் பேசினாள்.

“மாதிரி சரியான ஆளுடையதான்னு பாக்க ஆணா பெண்ணாங்கறதையும் சோதிப்போம்மா. முடிவு அனுப்புறதுக்கு முன்னாடியே பாத்திருக்கணும். விட்டுட்டோம், மன்னிச்சிடுங்க. உங்க எண் இருந்த குழாய்ல இருக்கிறது ஆணோட எச்சில். ஸ்டிக்கரை யாராவது மாத்தி ஒட்டினாங்களா?”

மேசை முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த அப்பா கண்முன் வந்தார்.

“ஒட்டியிருப்பாரு,” என்றாள். “அவருக்கு அதுதானே வேலை.”

“மறுபடியும் எச்சில் குடுங்க, உறுதி பண்ணிடலாம். இருந்தாலும் இதை வச்சு வந்தே தீரும்னு நினைச்சுக்காதீங்கம்மா.”

“அப்ப அந்த ஜீன் எனக்குத்தான்.”

“அப்படித்தான் தெரியுதும்மா.”

மறுமுறை கொடுத்த எச்சிலும் அதையேதான் சொன்னது.

ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திராமல் தம்பி வியாழக்கிழமையே காரோடு வந்தான். அவன் முகத்தில் உயிர் திரும்பியிருந்தது. அதை மறைக்கத் தெரியாமல் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றான். அவள் அப்பாவின் பெட்டியை வாசலில் வைத்தாள்.

“இல்லக்கா, அன்னைக்கு நான் ஏதோ கோவத்துல சொன்னேன்...”

“பேச்சு மாறக் கூடாதுன்னேன்ல.”

அவன் பெட்டியைத் தூக்கினான். அப்பா பின்சீட்டில் ஏறி, கார் ஜன்னலில் இருந்த ஏதோ ஸ்டிக்கரை உடனே நோண்ட ஆரம்பித்தார். தம்பி திரும்பி வந்து, பாதி காலியான மாத்திரை டப்பாவை அவள் கையில் திணித்தான்.

“இதுல ஒண்ணும் இல்லன்னு டாக்டர் சொன்னாருடா.”

“தெரியும்க்கா. எனக்குத் தெரிஞ்ச வைத்தியம் வேற என்ன இருக்கு?”

கார் போனது. ஆறு வருஷத்தில் முதல்முறையாக அவள் காபியை முழுசாகக் குடித்தாள். உப்பா சர்க்கரையா என்று நக்கிப் பார்த்துத்தான் போட வேண்டியிருந்தது. சர்க்கரை டப்பாவில் ‘மகள்’ என்று ஒட்டியிருந்தது. அவளுடைய அறைக் கதவில் இருந்த ஸ்டிக்கர். உரிக்கப் போன கையை இழுத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு போன் அடித்தது.

“அக்கா, பட்டறை சாவியக் காணோம்.”

“பிரிட்ஜைப் பாரு.”

கதவு திறக்கும் சத்தம். பிறகு சாவிக்கொத்து குலுங்கும் சத்தம்.

“ஆறு வருஷம் எப்படிக்கா இருந்த?”

“மறந்துபோச்சுடா,” என்றாள்.

அந்தப் பக்கம் அவன் பதறிப்போய் “அக்கா, அக்கா” என்றான். அவன் கொஞ்ச நேரம் பதறட்டும் என்று அவள் காபியில் அடுத்த மிடறைக் குடித்தாள்.