துரைக்காக நட்ட தோட்டம்

மத்தியாஸ் ஹுன்னஸ்கிரியப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிற்சாலையை நடத்தும் டீமேக்கராக ஆயுளின் பெரும்பகுதியைக் கழித்தவர். அவருடைய கை ஓங்காத நாளை அந்தத் தொழிற்சாலை கண்டதில்லை. கொழுந்து சரியாக வாடவில்லை என்றால் அறை. அடுப்பு அணைந்தால் உதை. வாசல் பெருக்குகிறவன் சீட்டியடித்தால் பெல்ட். வீட்டிலும் அதே கைதான். மனைவி மேபலின் ஒரு காது அவர் அறைந்ததில்தான் செவிடானது. அவள் காய்ச்சலில் போய்ச் சேர்ந்த மறு வருஷம், 1931இல், அவர் வேலையிலிருந்து ஓய்வுபெற்று குண்டசாலையில் ஒரு வீட்டையும் அதைச் சுற்றிய நிலத்தையும் வாங்கினார். மகள் றீற்றா கண்டியில் கன்னியாஸ்திரிகளின் பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டிருந்தாள். கல்யாணமாகவில்லை. பஸ்ஸில் போய்ப் பஸ்ஸில் வருவாள்.

வீட்டுக்கு வந்ததும் மத்தியாஸ் செய்த முதல் வேலை, முன்னால் இருந்த செடிகளையெல்லாம் வெட்டிச் சாய்த்தது. பழைய சொந்தக்காரர் வைத்திருந்த செவ்வரத்தை, நந்தியாவட்டை, வேலியை மூடிக் கிடந்த போகன்விலா எல்லாம் ஒரே பகலில் போயின. போகன்விலா முள் அவர் முன்னங்கையைக் கிழித்தது. அந்தக் கோபத்தில் அதன் அடிக்கட்டையைத் தோண்டி எடுத்து, நெருப்பு வைத்து, அது சாம்பலாகும்வரை பக்கத்திலேயே நின்றார்.

அவருக்கு வேண்டியிருந்தது, எஸ்டேட்டை ஆண்ட வெள்ளைக்காரப் பெரிய துரையின் பங்களாத் தோட்டம் போல ஒன்று. அத்தனை வருஷமும் அதை அவர் பின்கதவுப் பாதையிலிருந்து மட்டுமே பார்த்திருந்தார். நீலப் பந்துகளாய்ப் பூக்கும் ஹைட்ரேஞ்சியா, படிக்கட்டின் இருபக்கமும் அசேலியா, கிண்ணம் கிண்ணமாய் ரோஜா. அவற்றின் நடுவே கல்பாதையில் நடக்க ஒருநாளும் அவரை யாரும் கூப்பிட்டதில்லை.

பங்களாத் தோட்டக்காரனைப் பிடித்து, கன்றுகளைச் சாக்கில் சுற்றி லொறியில் இறக்கினார். மண்வெட்டி பிடிக்க வீரய்யா இருந்தான். தொழிற்சாலையில் அடுப்புக்கு விறகு போட்டவன், சொந்தபந்தம் இல்லாதவன். மத்தியாஸ் ஓய்வுபெற்றபோது, "நீயும் வாடா" என்றார். அவனும் வந்துவிட்டான்.

செடிகள் முதல் மழைக்குத் தளிர்த்தன. மழை விட்டு வெயில் ஏறியதும் ஹைட்ரேஞ்சியாவின் இலைகள் மத்தியானத்தில் நனைந்த துணிபோலத் தொங்கின. மாலையில் தண்ணீர் விட்டால் நிமிரும். மறுநாள் இன்னும் தாழத் தொங்கும். அசேலியாவின் இலை நுனிகள் கருகி, கருகல் காம்புவரை இறங்கியது.

"இது மலைச்செடிப்பா. இந்தச் சூடு இதுக்கு ஆகாது," என்றாள் றீற்றா.

"சூடு இல்ல. இவன் கைதான் ஆகாது," என்றார் மத்தியாஸ், வீரய்யாவைக் காட்டி.

ஒருநாள் காலை ஓர் அசேலியா முழுவதும் காய்ந்து நின்றது. அவர் அதை வேரோடு பிடுங்கினார். வீரய்யா பாத்தியோரம் குந்தியிருந்து புல் பிடுங்கிக்கொண்டிருந்தான். அந்தச் செடியாலேயே அவன் முதுகில் விளாசினார். வேரும் மண்ணும் சிதறின. காய்ந்த குச்சிகள் முறிய முறிய அடித்தார். வீரய்யா எழுந்திருக்கவில்லை. தலையைக் கைகளுக்குள் புதைத்து, அடி ஓயட்டும் என்று காத்திருந்தான். ஓய்ந்ததும் சிதறிய குச்சிகளைப் பொறுக்கி ஓரமாகக் குவித்தான். அவன் சட்டையில் இரத்தம் கோடு கோடாய் ஊறியது.

வராந்தாவில் பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட்டு நின்ற றீற்றா எல்லாவற்றையும் பார்த்தாள். அவளுக்கு அழுகை வரவில்லை. பல்லைக் கடித்ததில் தாடை வலித்தது, அவ்வளவுதான்.

பக்கத்து வீட்டில் றம்லத் இருந்தாள். கணவன் கண்டிக் கடைத்தெருவில் துணி வியாபாரி. அவளுடைய வேலியில் எப்போதும் ஏதாவது ஒன்று பூத்துக்கொண்டிருக்கும். கொஞ்ச நாளாகவே றீற்றா பஸ்ஸுக்குப் போகும்போதும் வரும்போதும் அந்த வேலியைக் கவனித்துக்கொண்டிருந்தாள். சனிக்கிழமைகளில் உச்சி வெயிலில் போய் நின்று, எந்தச் செடியின் இலை தொங்குகிறது, எது அசையாமல் நிற்கிறது என்று பார்ப்பாள்.

"என்ன புள்ள, என்ட வேலியையே பாத்துக்கிட்டு நிக்கிறீங்க?" என்று றம்லத் ஒருநாள் கேட்டாள்.

"எனக்கு இதில கொஞ்சம் கம்பு வேணும் அக்கா. வீட்டுக்குப் பின்னால வைக்கணும். அப்பாவுக்குத் தெரியாம."

"ஒங்கட வாப்பாட சத்தம் எங்கட குசினி வரைக்கும் கேக்குது," என்றாள் றம்லத். கத்தியை எடுத்து வந்து அவள் கையில் கொடுத்தாள். "வேணுங்கிறத வெட்டுங்க."

பூக்காத கிளைகளாகப் பார்த்து, பென்சில் தடிப்பில், கணுவுக்குக் கீழே சரிவாக வெட்டினாள் றீற்றா. நுனியில் இரண்டு இலையை விட்டு மற்றவற்றை உருவினாள். சிவப்பில் அடுக்குச் செவ்வரத்தை, மஞ்சளில் ஒற்றை, வெட்சி, மூன்று நிறத்துக் குரோட்டன். கிணற்றடிக்கு அப்பால் பலாமர நிழலில் மணலும் மக்கிய இலையும் கலந்து கம்புகளை ஊன்றினாள். றம்லத் கல்வாழைக் கிழங்கையும் பிரித்துக் கொடுத்தாள். கிணற்றுத் தண்ணீர் வழிந்து ஈரம் நிற்கும் இடத்தில் அதை வைத்தாள். வேர்விட்ட கம்புகளை வெயில் படும் இடத்துக்கு மாற்றியபோது உயரமாக வருவதைப் பின்னாலும், குட்டையானதை முன்னாலும், குரோட்டனை இடையிடையேயும் வைத்தாள். அடியில் காய்ந்த புல் பரப்பினாள். மத்தியாஸ் வீட்டின் பின்புறம் வருவதே இல்லை. சமைக்கும் குசினியும் கிணறும் பெண்களுக்கானவை என்பது அவர் எண்ணம். வீரய்யா பார்த்தான். அன்றிலிருந்து அவனும் தண்ணீர் ஊற்றினான்.

இரண்டு வருஷத்தில் முன்வாசலில் முட்செடிபோல நாலு ரோஜா மிஞ்சின. பின்பக்கம் ஆளுயரத்துக்குப் பூத்துக் கிடந்தது.

பெரிய துரை வேலையை விட்டு இங்கிலாந்துக்குப் போகிறார், கொழும்புக்குப் போகும் வழியில் மத்தியாஸின் வீட்டில் காரை நிறுத்திவிட்டுப் போவார் என்று தோட்டத்திலிருந்து ஆள் வந்து சொன்னான். மத்தியாஸ் முன்வாசலில் போய் நின்றார். வெறும் மண்ணையும் ரோஜாக் குச்சிகளையும் பார்த்தார். பிறகு வாழ்க்கையில் முதல் தடவையாக வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் நடந்தார்.

றீற்றா பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது வீரய்யா செவ்வரத்தையின் அடியைத் தோண்டிக்கொண்டிருந்தான். மத்தியாஸ் பிரம்போடு மேலே நின்றார்.

"என்னப்பா செய்றீங்க?"

"எல்லாத்தையும் முன்னால வைக்கப் போறேன். நாளைக்குத் துரை வாறார்."

"பூத்து நிக்கிற செடிய இப்பிடிப் பேத்தா வேர் அறுந்திரும். இது நான் வச்சது. தொடாதீங்க!"

அவர் திரும்பிய வேகத்தில் புறங்கை அவள் வாயில் விழுந்தது. உதடு பல்லில் கிழிந்தது. அவள் கிணற்றுக் கட்டில் சாய்ந்தாள். "என் வீட்டு மண்ணுல ஒனக்கு என்னடி சொந்தம்?" என்றார். வீரய்யா ஒரு கணம் மண்வெட்டியை நிறுத்தினான். பிரம்பு அவன் பிடரியில் விழுந்தது. மறுபடி குனிந்து தோண்டினான். மெல்லிய வேர்கள் அறுபடும் சத்தம் றீற்றாவுக்குக் கேட்டது.

மறுநாள் சனிக்கிழமை. காலையிலேயே கார் வந்தது. துரை இறங்கி மத்தியாஸின் சலாத்துக்குத் தலையசைத்துவிட்டு, சுருட்டைப் பற்றவைத்து, காரில் சாய்ந்துகொண்டார். அவர் மனைவி துரைசாணிதான் பாதையில் நடந்து வந்தாள். செடிகள் இன்னும் வாடத் தொடங்கவில்லை. அடுக்குச் செவ்வரத்தையின் முன்னால் அவள் நின்றுவிட்டாள்.

என்ன அழகு, என்று ஆங்கிலத்தில் சொன்னாள். எங்கள் பங்களாவில் இது குளிருக்குச் செத்துவிடும். அந்த ஹைட்ரேஞ்சியாவைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. இதை யார் நட்டது?

"நான்தான் மேடம்," என்றார் மத்தியாஸ்.

எப்படி வளர்த்தீர்கள், விதையா, கம்பா, என்று அவள் கேட்டாள். மத்தியாஸுக்குத் தெரியவில்லை. வீங்கிய உதட்டோடு வாசற்படியில் நின்ற றீற்றா, கம்பு என்றாள்; எந்தக் கிளையை, எப்போது வெட்டவேண்டும் என்று சொன்னாள். துரைசாணி மத்தியாஸை மறந்துபோனாள். செடி செடியாக றீற்றாவோடு நடந்தாள். உதட்டில் என்ன காயம் என்று மட்டும் கேட்கவில்லை. புறப்படும்போது துரை மத்தியாஸிடம், "உன் மகள் கெட்டிக்காரி," என்றார். அந்த ஒரு வார்த்தைதான். கார் போய்விட்டது.

மத்தியாஸ் உள்ளே போனார். வெளியே வந்தபோது அவர் கையில் கவ்வாத்துக் கத்தி இருந்தது. தேயிலைச் செடியைக் கழிக்கும் அந்த வளைந்த கத்தியை ஓய்வுபெறும்போது தோட்டத்திலிருந்து எடுத்து வந்திருந்தார்.

முதல் வெட்டில் கல்வாழைகள் சரிந்தன. குரோட்டன் வரிசையை நடந்துகொண்டே வீசினார். சிவப்பும் மஞ்சளுமான இலைகள் அவர் கால்களில் ஒட்டின. செவ்வரத்தையின் தண்டு ஒரே வெட்டில் போகவில்லை. திரும்பத் திரும்ப வெட்டினார். வெள்ளை நார் தெரிந்தது. பிறகு அவர் கண் வீரய்யாவிடம் போனது.

"நீதானடா தண்ணி ஊத்துன? என் செடிய சாகடிச்சிட்டு அவ செடிக்கு ஊத்துன?"

"அய்யா... அய்யா..." என்றான் வீரய்யா. ஓடவில்லை. முழங்காலில் உட்கார்ந்து, பழகிய விதமாகத் தலையைக் கைகளுக்குள் புதைத்தான். முதல் வீச்சு அவன் தோளைப் பிளந்தது.

இரண்டாவதுக்குக் கத்தி உயர்ந்தபோது றீற்றா மண்வெட்டியைத் தூக்கியிருந்தாள். எப்போது படியிறங்கினாள் என்பது அவளுக்கே தெரியாது. மண்வெட்டியின் பின்புறத்தால் அப்பாவின் மணிக்கட்டில் அடித்தாள். எலும்பு நொறுங்கும் சத்தத்தோடு கத்தி தெறித்தது. அவர் அவளைப் பார்த்தார். வலியைவிட ஆச்சரியம்தான் அந்த முகத்தில் இருந்தது. இடது கையால் அவள் தலைமயிரைப் பிடிக்க வந்தார். அவள் அவர் முழங்காலில் அடித்தாள். விழுந்தார். விழுந்தவரின் உடைந்த கையிலேயே இன்னொரு தடவை அடித்தாள். நாலாவதுக்கு ஓங்கியபோது வேலிக்கு அந்தப் பக்கம் றம்லத் கத்தினாள்.

"போதும் புள்ள! போதும்! மௌத்தாகிருவார்!"

றீற்றா மண்வெட்டியைக் கீழே போட்டாள். மூச்சு வாங்கியது. அப்பா வெட்டுப்பட்ட பூக்களின் மேல் கிடந்து முனகினார். அவரைத் தூக்கப் போகாமல், சேலைத் தலைப்பைக் கிழித்து முதலில் வீரய்யாவின் தோளைக் கட்டினாள்.

வைத்தியர் வந்து எலும்பை இழுத்து மூங்கில் வைத்துக் கட்டினார். சேதி கேட்டு ஊர்த் தலைவரான ஆராச்சியும் வந்தார். எப்படி நடந்தது என்று கேட்டார். "மேட்டிலயிருந்து விழுந்திட்டேன்," என்றார் மத்தியாஸ், சுவரைப் பார்த்தபடி.

"விழல. நான்தான் அடிச்சேன்," என்றாள் றீற்றா.

ஆராச்சி அவளைப் பார்த்தார், மத்தியாஸைப் பார்த்தார், மூலையில் தோளில் கட்டோடு நின்ற வீரய்யாவைப் பார்த்தார். விழுந்தவர் விழுந்தேன் என்று சொன்னால் அதுதான் சரி என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

காயம் ஆறியதும் வீரய்யா துணிமூட்டையோடு குசினி வாசலில் வந்து நின்றான்.

"நான் போறேங்க ரீச்சரம்மா."

"எங்க போவ? இங்கயே இரு வீரய்யா. இனி ஒன்ன யாரும் தொடமாட்டாங்க."

அவன் நிமிராமலே சொன்னான்: "நீங்க அடிச்சப்ப ஒங்க மொகத்தப் பாத்தேங்க. அய்யா மொகம் மாதிரியே இருந்திச்சு."

போய்விட்டான்.

மத்தியாஸின் வலது கை கோணலாகப் பொருந்தி, விரல் மடங்காமல் நின்றுவிட்டது. கால் நொண்டியது. றீற்றாதான் ஊட்டினாள், துடைத்தாள். வெட்டுப்பட்ட செடிகளின் அடிக்கட்டைகளைச் சரிவாகச் சீவி, சாணத்தைப் பூசி, தண்ணீர் விட்டாள். சில பட்டுப்போயின, சில துளிர்த்தன. இடைவெளிகளில் றம்லத்திடம் புதுக் கம்பு வாங்கி ஊன்றினாள். முன்வாசல் மெல்ல மெல்ல மூடியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசைக்குப் போய்வந்து தேத்தண்ணி கொடுத்தாள். சீனி போதாது என்று மத்தியாஸ் இடது கையால் கோப்பையை அவள் மேல் எறிந்தார். கொதிக்கும் தேத்தண்ணி கழுத்தில் வழிந்தது. அவள் கை தானாக உயர்ந்தது. அவர் கண்களை மூடி, கோணல் கையைத் தூக்கி முகத்தை மறைத்தார். அவர் உடம்பு நடுங்குவதைக் கண்டபோது றீற்றாவின் நெஞ்சுக்குள் இனிப்பாக ஏதோ பரவியது. கையை இறக்க அவளுக்கு மனமே வரவில்லை. பலவந்தமாகத்தான் இறக்கினாள்.

அன்று மத்தியானம் றம்லத்திடம் சொன்னாள்.

"அவர இனி என்னோட வச்சிருக்க மாட்டேன் அக்கா."

"அடிச்சிருவீங்க எண்டு பயமா? அவர் அடிச்சதுக்குக் கொஞ்சம் வாங்கட்டுமே."

"அடிக்க எனக்குப் புடிச்சிருக்கு அக்கா. அதுதான் பயம்."

றம்லத் உள்ளே போனாள். கழுத்தில் தடவ எண்ணெய் எடுத்து வந்தாள்.

மத்தியாஸின் தம்பி யாகப்பர் புசல்லாவையில் கடை வைத்திருந்தார். சேதி அனுப்பியதும் வாடகைக் காரில் வந்தார். அண்ணனைத் தாங்கிப் பிடித்து ஏற்றினார். மத்தியாஸ் மகளையும் தோட்டத்தையும் பார்க்காமல் மடியில் கிடந்த கையையே பார்த்துக்கொண்டிருந்தார். யாகப்பருக்கு அண்ணன்மேல் இரக்கமும் அண்ணன் மகள்மேல் கோபமுமாக இருந்தது.

"பெத்த அப்பன் இல்லையா? இடைக்கிடையாவது வந்து பாப்பியா?"

"வருவேன் சித்தப்பா," என்றாள் றீற்றா. "ஆனா தள்ளி ஒக்காந்துதான் பேசுவேன். அவர் கைக்கு நானும் எட்டக்கூடாது, என் கைக்கு அவரும் எட்டக்கூடாது."

யாகப்பர் அவளை ஒருதரம் ஏற இறங்கப் பார்த்தார். அண்ணன் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, டிரைவரிடம் காரை எடுக்கச் சொன்னார்.