பன்னிரண்டாவது சாவி

"ஞாயித்துக்கெழம பத்து மணிக்குப் பொண்ணு வீட்டுக்காரங்க வராங்க. வாசக்கதவுல கரையான் கோலம் போட்டு வெச்சிருக்கு. நீ பாட்டுக்கு நின்னு சிரிக்கிறே."

மாமியார் சொன்னது உண்மைதான். மூத்த மருமகள் சிரித்துக்கொண்டுதான் நின்றாள். கரையான் நிலைக்கட்டையின் அடியிலிருந்து மண்கோடு இழுத்துக்கொண்டு நேராக மேலே வந்திருந்தது. பூட்டின் அருகே வந்ததும் ஏதோ யோசித்ததுபோல வலப்பக்கம் திரும்பி, உள்ளே போய்விட்டது. பெண் வீட்டாருக்கு முன்னால் அதுவே வந்து வீட்டைப் பார்த்துவிட்டதாக அவளுக்குத் தோன்றியது. அதைச் சொன்னால் மாமியார் இன்னும் கத்துவார் என்பதால் வாயை மூடிக்கொண்டாள்.

"சனிக்கிழமைக்குள்ள எல்லா எடத்துலயும் மருந்து தெளிச்சு முடி. வந்தவங்க டீ குடிக்கும்போது ஒரு கரப்பான் தலைய நீட்டிச்சுன்னா உன் பொட்டியக் கட்டிக்கோ, ஆமா."

இதையும் மாமியார் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மூத்த மருமகளுக்குப் போவதற்கு வேறு வீடு கிடையாது என்பது இருவருக்கும் தெரியும்.

மாமியாருக்குத் தெருவில் சாவிக்கொத்து என்று பெயர். இடுப்பில் பதினொரு சாவிகள். அவர் ஓர் அறைக்குள் நுழைவதற்கு முன்னால் சத்தம் நுழையும். வீட்டில் இருப்பவர்கள் பேச்சை மாற்றிக்கொள்ள அது வசதியாக இருந்தது. அந்த வீட்டில் பூட்டு இருக்கும் எதற்கும் சாவி அவரிடம்தான். ஒன்றே ஒன்றைத் தவிர. பன்னிரண்டாவது சாவியை அவர் விரலால்கூடத் தொட்டதில்லை. அது மூத்த மருமகளின் கழுத்தில் ஒரு நூலில் தொங்கியது.

மாடிப்படிக்குக் கீழே இருந்த பச்சை அலமாரியின் சாவி அது. மாமனார் முப்பது வருஷம் ஒரு ரசாயனக் கிடங்கில் கணக்குப் புத்தகம் எழுதியவர். கிடங்கை மூடியபோது மற்றவர்கள் நாற்காலி, மின்விசிறி என்று எடுத்துக்கொண்டார்கள். இவர் யாரும் சீண்டாத பதினேழு டப்பாக்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். பூச்சிப்பொடி, மரத்துக்கு அடிக்கும் கறுப்பு எண்ணெய், எலி மருந்து, பெயர் அழிந்துபோன இன்னும் சில. "இந்தச் சரக்கெல்லாம் இப்ப காசு குடுத்தாலும் கெடைக்காது" என்று பெருமையாகச் சொல்வார். அது ஏன் கிடைக்காது என்று அவரும் கேட்டதில்லை, வேறு யாரும் கேட்டதில்லை.

வீடு முழுக்க மரம். படி மரம், தரை மரம், புத்தக அலமாரி மரம். அதைக் காப்பாற்ற வருஷத்துக்கு நான்கு முறை மருந்து போட வேண்டும். யார் போடுவது என்பதற்கு அந்த வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. புருஷன் இருப்பவள் தொடக்கூடாது. பிள்ளை பெற்றவள் தொடக்கூடாது. வேலைக்குப் போகும் ஆண்பிள்ளை தொடக்கூடாது. வயசானவர்கள் கூடவே கூடாது. இப்படிச் சலித்துக்கொண்டே வந்தால் கடைசியில் சல்லடையில் ஒருத்தி மட்டும் நிற்பாள். முதல் ஒன்பது வருஷம் மாமனாரின் தங்கை அத்தையம்மா நின்றாள், புருஷனை இழந்து அண்ணன் வீட்டுக்கு வந்தவள். அவள் இருமி இருமிச் செத்தாள். அடுத்த வருஷமே மூத்த மகன் சாலை விபத்தில் போனான். எட்டாம் நாள் மாமியார் சாவியை ஒரு காகிதத்தில் பொதிந்து, தொடாமல், மூத்த மருமகளிடம் நீட்டினார்.

"உனக்கென்னம்மா, உன்னை நம்பி யாரு இருக்கா" என்றார். ஆறுதல் சொல்வதுபோலத்தான் சொன்னார். அதுதான் கொடுமை.

ஆறு வருஷமாக மூக்கில் ஈரத்துண்டைக் கட்டிக்கொண்டு, வெறுங்கையால் பொடியை அள்ளித் தூவினாள். மாமனார் வாசலில் நாற்காலி போட்டு, கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டு, "அந்த மூலையில இன்னும் கொஞ்சம்" என்பார். தெளித்து முடித்தால் மூன்று நாளைக்கு அவளுக்குத் தட்டு தனி, டம்ளர் தனி, படுக்கை மொட்டை மாடி அறையில். விஷத்தைத் தொட்ட கையாம். வீட்டார் அந்த விஷயத்தில் ரொம்பச் சுத்தம்.

இந்த முறை கரையானைப் பார்த்து அவளால் சிரிக்க முடிந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. கொழுந்தன் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தான். இப்போது பெண் பார்ப்பது அவனுக்குத்தான். போன மாதம் அவன், "அண்ணி, நீங்க பேப்பரைக் கையை நீட்டி நீட்டிப் படிக்கிறத பார்த்தா இனி கை பத்தாது போலிருக்கு" என்று ஒரு கண்ணாடி கொண்டுவந்து கொடுத்தான். அதைப் போட்டுக்கொண்டு அவள் முதலில் படித்தது பேப்பரை அல்ல, ஆறாம் நம்பர் டப்பாவை.

கையுறை அணியவும். முகமூடி அணியவும். உணவுப் பொருள்களின் அருகே வைக்கக் கூடாது. மனிதர் வசிக்கும் இடங்களில் உபயோகிக்கக் கூடாது. எல்லாம் எறும்பு எழுத்தில் இருந்தது. கடைசி வரியில் காலாவதித் தேதி. அந்த வருஷம் அவள் ஐந்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள்.

அலமாரி முன்னால் தரையில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தாள். டப்பா செய்தவனுக்கு அவள்மேல் இவ்வளவு அக்கறை இருந்திருக்கிறது, இந்த வீட்டில் ஒருத்தருக்கும் இல்லை. சிரித்து முடித்தபோது அத்தையம்மாவின் இருமல் ஞாபகம் வந்தது. பிறகு கொஞ்ச நேரம் அழுதாள். அவளுக்குச் சாக விருப்பமில்லை. அது அவளுக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஆகவே கரையானைப் பார்த்த அந்தப் புதன்கிழமை, மாமியார் கத்திவிட்டுப் போனதும், நகராட்சிக்குப் போன் செய்தாள். எடுத்தவர் அரைத் தூக்கத்தில் இருந்தார்.

"பழைய பூச்சி மருந்தா? எத்தனை டப்பா?"

"பதினேழு."

"கிடங்கா, கம்பெனியா?"

"வீடு சார். மாடிப்படிக்குக் கீழ."

அவள் ஒவ்வொரு பெயராக வாசித்தாள். நாலாவது பெயரில் அவருக்குத் தூக்கம் கலைந்துவிட்டது.

"அம்மா, நீங்க இப்ப அந்த அலமாரி பக்கத்துலயா நிக்கிறீங்க?"

"ஆமா."

"கொஞ்சம் தள்ளி நின்னு பேசுங்க. எதையும் தெறக்காதீங்க. சாக்கடையில ஊத்தாதீங்க, எரிக்காதீங்க, ஒண்ணோட ஒண்ணைக் கலக்காதீங்க. நாங்களே வந்து எடுத்துக்கறோம். ஞாயித்துக்கெழம பத்து மணி ஒண்ணுதான் காலியா இருக்கு. உங்களுக்குத் தோதுப்படுமா?"

அவள் ஒரு மூச்சு விடும் நேரம் யோசித்தாள். உள்ளே யாரோ பட்டாசுத் திரியைக் கொளுத்தியதுபோல இருந்தது.

"தாராளமா வாங்க சார்."

கரையானை அவள் சும்மா விடவில்லை. அதுவும் இந்த வீட்டைத் தின்னத்தானே வந்திருக்கிறது, அவள் இருக்கும் வீட்டை. வியாழக்கிழமை கடைக்குப் போய்ப் புதிதாக போரிக் பவுடரும் கையுறையும் முகமூடியும் வாங்கினாள். பாக்கெட்டில் இருந்ததை இரண்டு முறை படித்தாள். மண்கோட்டைச் சுரண்டி எடுத்து, பவுடரைச் சொன்ன அளவில் வெந்நீரில் கரைத்து, நிலைக்கட்டைக்குத் தூரிகையால் இரண்டு பூச்சு அடித்தாள். சமையலறையில் கண்ட இடத்தில் தூவாமல், கரப்பான் வரும் இடுக்குகளில் மட்டும் கொஞ்சமாக வைத்து அடைத்தாள். கம்பளித் துணிகளை இறுக்கமான மூடி போட்ட பெட்டியில் போட்டு, அந்துருண்டையை அதற்குள் மட்டும் வைத்தாள். ஜன்னலையெல்லாம் திறந்துவிட்டாள். கழுத்துச் சாவி பூட்டைத் தொடவே இல்லை.

மாமனாருக்குச் சந்தேகம். "வாசனையே வரலியே."

"அதான் மாமா மருந்து."

"நம்ம மூக்குல ஏறாதது பூச்சி மூக்குல எப்படி ஏறும்?"

"பூச்சிகிட்டதான் கேக்கணும் மாமா."

அவள் இப்படிப் பேசி மாமனார் கேட்டதில்லை. நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார். அன்று ராத்திரி சாப்பாட்டுக்கு வழக்கம்போலத் தனித்தட்டு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை பெண் வீட்டார் சரியாகப் பத்துக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது வந்தார்கள். பெண் பஸ் கண்டக்டர். நேரம் தவறுவது அவளுக்குப் பிடிக்காது. அவளோடு தையற்கடைக்கார அப்பா மட்டும் வந்திருந்தார். டீ வந்தது. ஒரு கரப்பானும் தலையை நீட்டவில்லை. சாவிக்கொத்து சத்தமாகக் குலுங்கி, "வீடு பூரா மரம், ஒரு பூச்சி கெடையாது" என்று ஆரம்பித்தபோது வாசலில் லாரி நின்றது.

உச்சந்தலையிலிருந்து பாதம் வரை வெள்ளை உடுப்பு, முகத்தில் கண்ணாடி மூடி, கையில் முழங்கை வரை உறை. அப்படி இரண்டு பேர் இறங்கினார்கள். மூன்றாவதாக ஓர் அதிகாரி, காகித அட்டையோடு. தெருவில் உள்ள எல்லா ஜன்னலும் திறந்தன.

"நீங்க வீடு மாறி வந்துட்டீங்க" என்றார் மாமியார்.

"மாடிப்படிக்குக் கீழ பச்சை அலமாரி இருக்காம்மா?"

மாமியாரின் கை தானாக இடுப்புச் சாவிகளுக்குப் போனது.

"அப்ப சரியான வீடுதான். எல்லாரும் எதிர்ப்பக்கம் போயிடுங்க. டீயைக் கையில எடுத்துக்கிட்டே போகலாம்."

போனார்கள். மூத்த மருமகள் சாவியை அதிகாரியிடம் கொடுத்துவிட்டு எல்லோருக்கும் முன்னால் நடந்தாள். கையில் பிஸ்கட் தட்டையும் எடுத்துக்கொண்டாள், விருந்தாளிகள் நிற்கும் இடத்தில் வெறும் டீ நன்றாக இருக்காது என்று. டப்பாக்கள் ஒவ்வொன்றாக, கைக்குழந்தையைத் தூக்குவதுபோல வெளியே வந்தன. அதிகாரி ஒவ்வொன்றையும் பார்த்து எழுதினார். ஒன்பதாவதில் மாமனாருக்குப் பொறுக்கவில்லை.

"அது அருமையான சரக்கு சார். ஒரு சிட்டிகை போதும்."

"ஆமா பெரியவரே. ஒரு தெருவுக்கே போதும்" என்று அதிகாரி ஓர் அடி பின்னால் நகர்ந்தார். "தடை பண்ணி எவ்வளவு வருஷம் ஆச்சு. யாரு உபயோகிச்சா இத?"

"பெரியவதான், ஆறு வருஷமா" என்றார் மாமியார்.

கண்டக்டர் டீயைக் கீழே வைத்தாள். "இந்த மாதிரி டிரெஸ் போட்டுக்கிட்டா?"

"எதுக்கு? அவளுக்குப் பழக்கம்தான்."

"ஏன் அவங்க மட்டும்?"

மாமியாருக்கு அப்போதுதான் தைரியம் வந்தது. சம்பந்தம் கைநழுவுவதற்குள் வீட்டின் பெருமையை எடுத்துவைக்க இது நல்ல சமயம் என்று நினைத்துவிட்டார்.

"நாங்க அந்த விஷயத்துல ரொம்ப ஜாக்கிரதம்மா. புருஷன் இருக்கிறவளத் தொட விடவே மாட்டோம். இவளுக்கு அப்புறம் யாரும் இல்ல பாரு. நீ வந்தா உன்னை அந்த அலமாரிப் பக்கமே விட மாட்டேன். இவளுக்கு முன்னாடி எங்க நாத்தனாதான் பார்த்துக்கிட்டா. அவளும் இவள மாதிரிதான்."

"அவங்க இப்ப எங்க?"

"போய்ச் சேந்துட்டா. இருமல்."

கண்டக்டர் மாப்பிள்ளையைப் பார்த்தாள், மூத்த மருமகளைப் பார்த்தாள், கடைசியில் மாமியாரிடமே திரும்பினாள். பஸ்ஸில் சில்லறை கேட்கும் அதே குரலில் கேட்டாள்.

"ஒரு சந்தேகம்மா. இவருக்கு நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா, அந்தச் சாவி எனக்கு வருமா?"

மாப்பிள்ளைக்கு டீ புரை ஏறியது. தையற்காரர் அவன் தலையில் தட்டிக்கொடுத்தார். மாமியார் 'சீச்சீ' என்று சொல்லலாம். ஆனால் அந்த வீட்டில் அதற்கு 'வரும்' என்பதைத் தவிர வேறு பதில் இல்லை என்று தெருவுக்கே புரிந்துவிட்டது.

அதிகாரி படிவத்தை நீட்டினார். "சரக்குக்குப் பொறுப்பு யாரு? கையெழுத்து வேணும்."

"சாவி அவகிட்டதான இருந்துது" என்றார் மாமனார்.

"சாவி என்னுது மாமா. டப்பா உங்களுது" என்றாள் மூத்த மருமகள்.

முப்பது வருஷம் எழுதித் தேர்ந்த கை, மை வரவில்லை என்பதுபோலப் பேனாவை இரண்டு முறை உதறியது. ஆனாலும் போட்டார். அதிகாரி அவளிடம் ஒரு சீட்டைக் கொடுத்தார்.

"நீங்க ரத்தப் பரிசோதனைக்கு வரணும்மா. ஆறு வருஷம் சும்மா இல்ல. நாளைக்கே வாங்க."

"ஏழு மணி பஸ் என்னோடது அக்கா" என்றாள் கண்டக்டர். "முன்னாடி சீட்டப் பிடிச்சு வைக்கிறேன். நானும் ஆஸ்பத்திரி வரைக்கும் வர லீவு சொல்ல முடியுமான்னு பாக்கறேன்." பிறகு மாப்பிள்ளையிடம் திரும்பினாள். "நீங்க கையுறை போட்டு மருந்தடிக்கக் கத்துக்கிட்டு வாங்க. அப்புறம் மத்தத பேசலாம்."

"சரிங்க" என்றான் அவன். ரொம்ப வேகமாகச் சொன்னான். மூத்த மருமகளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கண்டக்டரும் சேர்ந்துகொண்டாள். எதிர் ஜன்னலில் யாரோ சிரித்தார்கள். பயமும் சந்தோஷமும் கலந்து, கால் தரையில் இருக்கிறதா என்றுகூட மூத்த மருமகள் பார்த்துக்கொண்டாள். நாளைக்குச் சீட்டில் என்ன எழுதி வருமோ. அது நாளைக்கு.

லாரி போனது. அலமாரியைத் துடைத்துக் காலி செய்து, பூட்டிச் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள்; அது பழையபடி மூத்த மருமகளின் கழுத்துக்கு வந்திருந்தது. பெண் வீட்டாரும் கிளம்பினார்கள். வாசலில் நின்ற மாமியார் தொண்டையைக் கனைத்தார். நடந்ததைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. காலி அலமாரி ஒன்று வீட்டில் இருக்கிறது என்பது மட்டும் அவர் மனசில் ஏறியிருந்தது.

"இனிமே அதுல ஒண்ணும் இல்லல்ல. அந்தச் சாவியக் குடு, கொத்துல கோத்துக்கறேன்."

மூத்த மருமகள் நூலைக் கழுத்திலிருந்து கழற்றினாள். சாவியை மாமியாரின் கைக்கு ஓர் அங்குலம் தள்ளி, தொங்கவிட்டுப் பிடித்தாள்.

"தாராளமா எடுத்துக்கோங்க அத்தை. ஆனா இதத் தொட்டவங்களுக்கு மூணு நாளைக்குத் தட்டு தனி."

நீண்ட கை அப்படியே நின்றது. பதினொரு சாவிகளும் சத்தமில்லாமல் இருந்தன. மூத்த மருமகள் சாவியை வாசல் ஆணியில், எல்லோர் கைக்கும் எட்டும்படி மாட்டினாள். பிறகு உள்ளே போய், தன் தனித்தட்டை எடுத்து மற்றத் தட்டுகளின் நடுவே செருகி வைத்தாள்.